அத்தியாயம் 6: படகு அங்கே இருக்கிறது

டிராகன் படகுப் பந்தயத்துக்கு வெளியூர் கிளம்பும் அணி படகைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. பன்னிரண்டரை மீட்டர் நீளம், 1.16 மீட்டர் அகலம், தலையும் வாலும் மாட்டாமலே ஏறக்குறைய கால் டன் கனம். அதை யார் கப்பலேற்றுவது? போட்டி நடத்துகிறவர்களே ஒரே அச்சில் வார்த்த படகுகளைத் துறையில் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். உங்கள் அணிக்கு எந்தத் தடம் விழுகிறதோ அந்தப் படகில் ஏற வேண்டியதுதான். துடுப்பைக்கூடப் பல இடங்களில் இரவல் தருகிறார்கள். ஆக, நீங்கள் ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டியது ஆட்களை: துடுப்புப் போட இருபது பேர், முரசடிக்க ஒருவர், சுக்கான் பிடிக்க ஒருவர். இந்த இருபத்திரண்டு பேரும் தூங்கி, சாப்பிட்டு, பாஸ்போர்ட்டைத் தொலைக்காமல், காய்ச்சல் வராமல், ஒரே தாளத்தில் கை போடுகிற நிலையில் போய்ச் சேர வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அந்த வேலையைப் பற்றியது.

எடுத்துக்காட்டுக்கு ஆனைக்குட்டத்தை வைத்துக்கொள்கிறேன். விருதுநகர் வட்டாரத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: அர்ச்சுனா நதியின் குறுக்கே கட்டிய நீர்த்தேக்கம், சிவகாசிக்குப் பக்கம், விருதுநகர் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுப்பது. ஷட்டர் கசிவைப் பற்றிப் பல வருஷமாகப் பேச்சு ஓடுகிற அணை. கோடையில் போய்ப் பார்த்தால் வெடித்த கரிசலும் வேலிக்கருவையும்தான் கண்ணில் படும். இங்கிருந்து படகுப் போட்டிக்கு ஓர் அணியா என்று யாராவது கேட்டால், அவர்களிடம் முதல் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். படகு அங்கே இருக்கிறது. அணிக்கு வேண்டிய பயிற்சியில் முக்கால்வாசியைத் தரையிலும் தொட்டிக் கரையிலும் முடிக்கலாம். மீதிக்குத் தண்ணீர் வருகிற மாதமும் நம் ஆட்களுக்கு ஓய்வு கிடைக்கிற மாதமும் சேர்ந்தே வருகின்றன. இந்தப் பொருத்தம் ஆறும் ஏரியும் நிறைந்த ஊர்களுக்குக்கூட எளிதில் அமையாது.

எந்த மாதம், எந்தப் போட்டி

அர்ச்சுனா நதிக்கு வெள்ளம் வருவது வடகிழக்குப் பருவமழையில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பட்டாசு ஆலைகளில் மூச்சுவிட நேரமில்லாத வேலை தீபாவளிக்கு முந்தைய மாதங்களில். தீபாவளி முடிந்து போனஸ் வாங்கியதும் ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். அணி தண்ணீரில் இறங்க வேண்டியது அந்த வாரங்களில்.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு, ஆள் சேர்க்கும்போதே அதைக் கவனியுங்கள். அச்சகத்து ஆட்களின் வருஷம் வேறு மாதிரி ஓடுகிறது. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதிலிருந்து ஆர்டர் குவிந்து, டிசம்பர் கடைசிவரை ஆஃப்செட் எந்திரமும் பைண்டிங் மேசையும் நிற்காது. பட்டாசுக்காரருக்கு ஓய்வு கிடைக்கிற நேரத்தில் காலண்டர்காரருக்குத் தலைக்கு மேல் வேலை. இரண்டு தொழிலிலும் பாதிப்பாதியாக அணி கட்டினால் பயிற்சிக்கு ஒருநாளும் முழு ஆள் வராது. ஒரு தொழிலை அணியின் முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, மற்றதிலிருந்து நாலைந்து பேரை மட்டும் சேர்ப்பது நல்லது.

போட்டி என்று பார்த்தால், நம் நாட்காட்டிக்குப் பொருந்தி வருவது பினாங்கு. பினாங்கு பன்னாட்டு டிராகன் படகு விழா பெரும்பாலும் டிசம்பரில் நடக்கும். தீவின் வடமேற்கே உள்ள தெலுக் பஹாங் அணையின் நீர்த்தேக்கத்தில் பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. அலையில்லாத அணைத் தண்ணீரில் பழகிய அணி இன்னோர் அணைத் தண்ணீரில் போட்டியிடுவது பெரிய அனுகூலம். இடமும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதுண்டு, அதனால் பணம் கட்டுவதற்கு முன் அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், ஹாங்காங் போட்டிகளும் பேர்பெற்றவைதான். ஆனால் டிராகன் படகுத் திருநாள் சீனர்களின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள். ஆங்கில மாதக் கணக்கில் பெரும்பாலும் ஜூனில் விழும். அந்தச் சமயம் ஆனைக்குட்டத்தில் கால் நனைக்கத் தண்ணீர் இருக்காது.

உள்நாட்டில் இந்த விளையாட்டு இந்தியக் கயாக்கிங், கனோயிங் சங்கத்தின் கீழ் வருகிறது. 2025 ஆகஸ்டில் ஸ்ரீநகர் தால் ஏரியில் நடந்த கேலோ இந்தியா நீர் விளையாட்டு விழாவில் டிராகன் படகும் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. உலக அளவில் 1991இல் தொடங்கிய பன்னாட்டு டிராகன் படகுக் கூட்டமைப்பின் விதிகளைத்தான் பல போட்டிகள் பின்பற்றுகின்றன. 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டிலேயே இது பதக்கப் போட்டியாகிவிட்டது.

பினாங்கு இந்த வருஷம் கட்டுப்படியாகாது என்றால், இரண்டு மூன்று பேரையாவது ஆலப்புழைக்கு அனுப்புங்கள். நேரு கோப்பை வள்ளங்களிப் பார்த்தவர்கள் திரும்பி வந்து அணிக்குச் சொல்லித் தருவது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. 1952இல் நேரு வந்தபோது தொடங்கிய போட்டி அது. ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை என்பது நெடுநாள் வழக்கம். 2024இல் வயநாடு நிலச்சரிவை முன்னிட்டு செப்டம்பர் 28க்குத் தள்ளிப்போனது. சிவகாசியிலிருந்து கொல்லம் எக்ஸ்பிரஸ் ஏறினால் ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியே மலை தாண்டிக் கொல்லத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ஆலப்புழை பக்கம். போகிறவர்கள் வெற்றிக் கம்பத்தருகே நிற்க வேண்டாம். துறையில் அணிகள் ஏறுகிற இடத்தில் நின்று, நூறு பேர் ஒரு சுண்டன் வள்ளத்தில் எப்படிச் சத்தமில்லாமல் ஏறி உட்காருகிறார்கள் என்று பாருங்கள்.

ஆளும் எடையும்

இருபது துடுப்புக்கு ஆள் கிடைக்காவிட்டால் பத்துத் துடுப்புள்ள சிறிய படகுப் பிரிவு இருக்கிறது. முதல் பயணத்துக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். பன்னிரண்டு பேருக்கும் இரண்டு மாற்று ஆட்களுக்கும் டிக்கெட் எடுப்பதே நம் ஊர் வருமானத்தில் பெரிய காரியம். பெண்களும் ஆண்களும் கலந்த பிரிவில் பெயர் கொடுத்தால், பத்துப் பேரில் குறைந்தது நான்கு பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

வயதைப் பார்த்து யாரையும் ஒதுக்காதீர்கள். 1996இல் கனடாவின் வான்கூவரில் டாக்டர் டான் மெக்கன்சி என்பவர் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்ட 24 பெண்களைக் கொண்டு ஓர் அணி அமைத்தார். அந்தச் சிகிச்சைக்குப் பிறகு கையால் கனமான வேலை செய்தால் கை வீங்கிவிடும் என்று மருத்துவர்கள் தடுத்து வைத்திருந்த காலம் அது. அந்தப் பெண்கள் மாதக்கணக்கில் துடுப்புப் போட்டும் அப்படி எதுவும் நேரவில்லை. இன்று பல நாடுகளில் அப்படிப்பட்ட அணிகள் இருக்கின்றன. நாள் முழுக்கச் சம்மணமிட்டுத் தீப்பெட்டி ஒட்டியும் திரி சுற்றியும் இடுப்பு வலியோடு இருக்கிற அக்காமார்கள் முறையாகப் பழகினால் முன்வரிசைக்கே வரலாம். அவர்களின் கைத்தாளம் அவ்வளவு சீரானது.

ஆள் சேர்ந்ததும் எடை போடுங்கள். அச்சகங்களில் காகிதக் கட்டு நிறுக்கிற மின்தராசு இருக்கும், அதுவே போதும். சொல்கிற எடையை எழுதாதீர்கள், தராசு காட்டுவதை எழுதுங்கள். பிறகு ஒரு தாளில் இரண்டு பத்தியாக வரிசை போட்டு, இடப்பக்கக் கூட்டுத்தொகையும் வலப்பக்கக் கூட்டுத்தொகையும் கிட்டத்தட்டச் சமமாக வரும்வரை ஆளை மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். பெரிய உடம்புக்காரர்கள் படகு அகலமாக இருக்கும் நடுவரிசைகளுக்கு. முன் வரிசைக்கு வலுவைவிடத் தாளம் முக்கியம்; அவர்கள் இருவரும் போடுகிற வேகத்தைத்தான் படகு முழுக்க எடுத்துக்கொள்ளும். முரசுக்காரரும் அவர்களைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும், தன் இஷ்டத்துக்கு வேகம் கூட்டக் கூடாது. முரசுக்காரராக அணியில் எடை குறைந்தவரையும் குரல் பெரியவரையும் தேடுங்கள். இரண்டும் ஒருவரிடமே அமைந்தால் அதிர்ஷ்டம்.

இந்த எடைத்தாளை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை நெகிழிப் பையில் போட்டுப் பயணத்துக்கு எடுத்துப்போங்கள். ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் மாற்று ஆள் ஏறும்போது, துறையில் நின்று மனக்கணக்குப் போட நேரம் இருக்காது.

பம்புசெட் தொட்டியில்

ஆனைக்குட்டம் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்றடியில் சிமெண்டுத் தொட்டி இருக்கும். மோட்டார் ஓடி நிறைந்த தொட்டியின் கரையில் பக்கவாட்டாக உட்கார்ந்தால் படகின் விளிம்பில் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு, காலையில் பாய்ச்சல் தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் பழகுங்கள். பாசி படிந்த கரையில் சாக்கு விரித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும்.

தொட்டி நகராது. அதனால் தண்ணீர் துடுப்பை அதிகப் பலத்தோடு எதிர்க்கும், தோள் சீக்கிரம் நொந்துபோகும். இதற்காகவே ஒரு பழைய துடுப்பின் அலகில் ஓட்டைகள் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். தச்சரிடம் கொடுத்து அலகின் நடுவில் ரூபாய் நாணய அளவில் ஏழெட்டு ஓட்டை போட்டால் போதும். துடுப்பு விதிப்படி 105 முதல் 130 சென்டிமீட்டர் நீளம், அலகு 18 சென்டிமீட்டருக்கு மேல் அகலமில்லாமல். உட்கார்ந்த நிலையில் துடுப்பை நட்டு வைத்தால் கைப்பிடி நெற்றி உயரத்துக்கு வருகிறதா என்று பார்த்து நீளம் தேர்வது நடைமுறை.

கவனிக்க வேண்டியது நாலு அசைவு. இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி முன்னால் நீளுங்கள். மேல்கை தண்ணீருக்கு மேலே, படகுக்கு வெளியே வந்துவிட வேண்டும். அலகு முழுதும் முங்கிய பிறகே இழுக்கத் தொடங்குங்கள். பாதி முங்கும்போதே இழுத்தால் நுரைதான் கிளம்பும், படகு நகராது. அலகு இடுப்புக்கு நேரே வந்ததும் வெளியே எடுங்கள். புதியவர்கள் எல்லாருமே இடுப்பைத் தாண்டிப் பின்னால் வரை இழுப்பார்கள். அது படகைக் கீழே அமுக்கும், முன்னே தள்ளாது. ஒருவர் இழுப்பதை எதிரே நின்று கைபேசியில் மெதுவேகப் படம் எடுத்துக் காட்டினால் அவருக்கே தெரிந்துவிடும். வாயால் பத்துத் தடவை சொல்வதைவிட அது மேல்.

பார்வை எங்கே இருக்க வேண்டும் என்பதையும் தரையிலேயே பழக்கிவிடுங்கள். தன் துடுப்பைப் பார்க்கக் கூடாது, பக்கத்துப் படகைப் பார்க்கவே கூடாது. இடப்பக்கம் உட்கார்ந்தவரின் கண் வலப்பக்க முதல் வரிசைத் துடுப்பில், வலப்பக்கத்தவரின் கண் இடப்பக்க முதல் வரிசைத் துடுப்பில். கிராமத்து மைதானத்தில் இரண்டு பெஞ்சு வரிசை போட்டு, துடுப்புக்குப் பதில் மண்வெட்டிக் காம்பை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் இதைச் செய்தாலே தாளம் எங்கே உடைகிறது என்று புரியும்.

சுக்கான் மட்டும் தொட்டியில் வராது. அதற்கு ஓடும் படகு வேண்டும். புது அணிகளுக்கு அனுபவமுள்ள சுக்கான்காரரைப் பல விழாக்களில் அவர்களே தருகிறார்கள். பெயர் கொடுக்கும் கடிதத்திலேயே இதைக் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

தேக்கத்தில் இறங்குவதற்கு முன்

ஆனைக்குட்டம் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ள நீர்த்தேக்கம், அதுவும் குடிநீர்த் தேக்கம். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் எதையும் மிதக்கவிடாதீர்கள். அனுமதி கிடைத்தாலும் மோட்டார் படகு வேண்டாம், சோப்பு வேண்டாம், சாப்பாட்டுக் கழிவு வேண்டாம். மழை நாளில் ஷட்டர் திறக்கிறார்களா என்று அணைப் பணியாளரைக் கேட்காமல் கரையிலிருந்து நகராதீர்கள். ஷட்டர் இருக்கும் பக்கம் நெருங்கவே கூடாது. மேலே பார்க்க அசையாமல் கிடக்கிற தண்ணீர், திறந்த ஷட்டரை நோக்கி அடியில் எவ்வளவு வேகமாக இழுக்கும் என்பது உள்ளே விழுந்தவருக்குத்தான் தெரியும்.

இப்போது இந்த அத்தியாயத்தில் நான் மிக முக்கியம் என்று நினைப்பது. 2007 நவம்பர் 23 அன்று கம்போடியாவின் புனோம் பென்னில் நீர்த்திருவிழாப் போட்டிக்குப் போயிருந்த சிங்கப்பூர் தேசிய டிராகன் படகு அணி தோன்லே சாப் ஆற்றில் கவிழ்ந்தது. போட்டி முடிந்து துறைக்குத் திரும்புகிற நேரம். ஆற்றின் இழுப்பு படகைக் கொண்டுபோய் ஒரு மிதவை மேடையில் மோத, இருபத்திரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். ஐந்து பேர் மேடைக்கு அடியில் இழுக்கப்பட்டு இறந்துபோனார்கள். எல்லாரும் தேசிய அணி வீரர்கள், நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. 2018 ஏப்ரல் 21 அன்று சீனாவின் குய்லின் நகரில் பயிற்சியின்போது இரண்டு படகுகள் கவிழ்ந்து 17 பேர் இறந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலானோர் ஜாக்கெட் இல்லாமல் இருந்தவர்கள்.

நம் பக்கத்துப் பையன்கள் கிணற்றில் குதித்து நீந்தப் பழகியவர்கள், அந்தத் தைரியம் இருக்கும். கிணற்றுத் தண்ணீருக்கு இழுப்பு கிடையாது. பத்துக் கையளவு நீந்தினால் படிக்கட்டு. ஆற்றிலும் தேக்கத்திலும் அப்படியில்லை. அதனால் பெயர் எழுதும் அன்றைக்கே நீச்சல் பாருங்கள்: பனியனும் அரைக்கால் சட்டையுமாக 50 மீட்டர், கரையைத் தொடாமல். முடியாதவர்களை விலக்க வேண்டாம். அவர்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்துவிட்டுப் படகில் ஏற்றுங்கள். நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர், தலைவர், சுக்கான்காரர் என்று எந்த வேறுபாடும் இல்லாமல் எல்லாருக்கும் ஜாக்கெட். போட்டி நடத்துகிறவர்கள் கட்டாயம் இல்லை என்று சொன்னாலும் உங்கள் அணியில் கட்டாயம். இதைக் கேள்வி கேட்கிறவரைக் கரையில் உட்கார வையுங்கள். வெளிநாட்டுக்குப் போகும்போது நுரை வைத்த ஜாக்கெட் எடுங்கள். வாயு உருளை மாட்டி ஊதுகிற வகைக்கு விமானத்தில் கட்டுப்பாடு உண்டு.

கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதை ஒருநாள் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள், கரையோரத்தில், இடுப்பளவு தண்ணீரில். படகை விட்டு யாரும் நீந்திப் போகக் கூடாது, கவிழ்ந்த படகும் மிதக்கும். வரிசையில் பக்கத்தில் இருந்தவர் மேலே வந்தாரா என்று ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். முரசுக்காரர் வரிசை எண்ணைக் கூப்பிடுவார். "மூணாம் வரிசை?" என்றால் "ரெண்டு பேரும் இருக்கோம்ணே" என்று பதில் வர வேண்டும். பதில் வராத வரிசையை மட்டும் தேடுங்கள். புனோம் பென்னில் விபத்து நடந்தது போட்டி முடிந்து திரும்பும் வழியில் என்பதை மறக்காதீர்கள். வெற்றிக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று ஜாக்கெட்டைத் தளர்த்துகிற பழக்கம் எல்லாருக்கும் வரும். துறையில் கால் வைத்த பிறகுதான் கொக்கி கழற்ற வேண்டும்.

பயணம்

பாஸ்போர்ட்டுக்கு விருதுநகர் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. காவல்துறை விசாரணைக்கு வரும்போது ஆள் வீட்டில் இல்லாமல் ஷிஃப்டில் இருந்தால் அது தள்ளிக்கொண்டே போகும். பட்டாசு வேலை உச்சத்தில் இருக்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், ஜனவரியிலேயே விண்ணப்பியுங்கள். பயணத் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள்வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது, அந்தச் சலுகை 2026 கடைசிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அணியில் ஒருவர் உட்கார்ந்து எல்லாருடையதையும் நிரப்பி முடிப்பது பத்திரம்.

சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசியிலும் விருதுநகரிலும் நின்று இரவோடு சென்னை போகும். இன்னொரு வழி திருச்சி: வேனில் திருச்சி, விமானத்தில் கோலாலம்பூர், அங்கிருந்து பஸ்ஸில் பினாங்கு. செலவு குறையலாம், ஆனால் பஸ்ஸில் மட்டும் ஐந்து மணி நேரம். எந்த வழியாக இருந்தாலும் போட்டிக்கு முந்தைய நாள் யாரும் வண்டியில் உட்கார்ந்திருக்கக் கூடாது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. பதினான்கு பேருக்கு மூன்று டிக்கெட் என்று பிரித்து, மூன்று பேர் ஒரே நேரத்தில் முயன்றால் ஒரே பெட்டியில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

துடுப்புகளைக் கட்டி ஒரே பையில் போட்டால் நீளம், அகலம், உயரம் கூட்டி 158 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். பல விமான நிறுவனங்களின் சாதாரணப் பெட்டி வரம்பு அதுதான். முன்கூட்டியே விளையாட்டுச் சாமானாகப் பதிவு செய்யுங்கள், அல்லது போட்டித் துறையில் இரவல் துடுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். அலகில் ஓட்டை போட்ட துடுப்பு தொட்டியோடு நிற்கட்டும்.

அடுத்தது சிவகாசிக்காரர்களுக்கென்றே எழுதுவது. வெளியூர் போகும்போது ஒரு பெட்டி மத்தாப்பு, ரெண்டு சரம் எடுத்துப் போய்க் கொடுப்பது நம் ஊர்ப் பாசம். பந்தயப் பயணத்தில் அது கூடவே கூடாது. ரயிலில் பட்டாசு கொண்டுபோவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி குற்றம். மூன்றாண்டுவரை சிறை கிடைக்கலாம். விமானத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பட்டாசை விட்டுவிட்டுப் போனாலும் தொல்லை வரலாம். விமான நிலையத்தில் பையையும் கையையும் ஒரு துணிப்பட்டையால் துடைத்து எந்திரத்தில் வைத்து வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆலைக்கு எடுத்துப்போன பை, மருந்துப் புழுதி படிந்த செருப்பு, வேலைக்குக் கட்டிய லுங்கி இவற்றில் ஏதாவது ஒன்று போதும், முழு அணியையும் தனியே நிறுத்தி விசாரிக்க. பயணத்துக்கு ஆலைப் பக்கமே போகாத பையை எடுங்கள், முடிந்தால் புதிதாக வாங்குங்கள். துணியைத் தனியாகத் துவையுங்கள். கிளம்புவதற்கு முன் நகத்தடியைச் சுத்தமாகத் தேய்த்துக் குளியுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆலை அடையாள அட்டையை அதற்காகக் கையில் வைத்திருங்கள்.

பரிசாகக் கொண்டுபோக நம்மிடம் பட்டாசைவிட நல்ல பொருள் இருக்கிறது: தினசரி காலண்டர். டிசம்பர் மாதம், புது வருஷக் காலண்டர், தமிழ்த் தேதியோடு. தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கமும் லிட்டில் இந்தியாவிலும் உள்ள பினாங்குத் தமிழர்கள் அதைக் கையில் வாங்கியதும் முதலில் தைப்பூசம் என்றைக்கு என்று புரட்டிப் பார்ப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை உள்நாட்டுப் பயணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பால் பொருள் என்பதால் வெளிநாட்டுச் சுங்கத்தில் கேள்வி வரும்.

தூக்கமும் சாப்பாடும்

மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். காலை ஏழு மணிக்குத் துறைக்கு வரச் சொன்னால் நம் உடம்புக்கு அது நாலரை மணி. ஊரிலிருக்கும்போதே ஒரு வாரம் முன்கூட்டித் தூங்கி முன்கூட்டி எழும் பழக்கத்தைத் தொடங்குங்கள். அதிகாலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு இது எளிது.

போட்டிக்கு முந்தைய இரவு பழகிய சாப்பாடு. விருதுநகர் எண்ணெய் புரோட்டாவுக்கு நான் எதிரியில்லை, வெற்றி விருந்துக்கு அதைவிட ஏற்றது எது? முந்தைய இரவு மட்டும் வேண்டாம். பினாங்கின் நாசி கண்டாருக்கும் அதே விதி. ஜார்ஜ் டவுனில் இட்லி, தோசை தாராளமாகக் கிடைக்கும். முதல் ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி சாப்பிட்டுவிடுங்கள். ஓட்டங்களுக்கு நடுவே வாழைப்பழமும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும். கடலை மிட்டாயைப் பொடியாக உடைத்துச் சிறு பொட்டலமாகக் கட்டி வைத்தால் யாரும் ஒரேயடியாகத் தின்று தாகத்தில் தவிக்க மாட்டார்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தை அளவு மாற்றாமல் சொன்ன அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும்.

துறையில்

அணித்தலைவர்கள் கூட்டத்துக்குத் தலைவரும் சுக்கான்காரரும் கட்டாயம் போக வேண்டும், ஆங்கிலம் புரிகிற ஒருவரையும் உடன் அழைத்துப் போகலாம். தடம், திரும்பும் வழி, மிதவை மேடை எங்கே, மீட்புப் படகு எங்கே நிற்கும் என்பவற்றைத் தாளில் வரைந்து கொண்டுவந்து அணிக்குக் காட்டுங்கள். தொடக்கக் கட்டளை ஆங்கிலத்தில் இருக்கும். படகுக்குள் கட்டளை தமிழில் இருக்கலாம், ஆனால் ஒரே சொல்லாக, எல்லாரும் முன்பே ஒத்துக்கொண்டதாக இருக்க வேண்டும். "நிறுத்து" என்பதற்கும் "பிடி" என்பதற்கும் அர்த்தம் வேறு என்பது கடைசி வரிசைக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது கையை எடுப்பதற்கு. இரண்டாவது துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீரில் ஊன்றிப் படகை நிறுத்துவதற்கு.

புது அணிக்கு 500 மீட்டர் இரண்டரை, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் முதல் ஐந்து இழுப்பு மெதுவாக, ஆழமாக. நின்றுகொண்டிருக்கும் ஒன்றரை டன்னை அசைக்கிற இழுப்பு அது, அவசரப்பட்டால் நுரைதான் மிச்சம். பக்கத்துப் படகு முந்தும்போது பதறி வேகம் கூட்டுகிறவர் யாராவது ஒருவர் இருப்பார். முரசுக்காரருக்கு அவர் பெயர் முன்பே தெரிந்திருக்க வேண்டும், பெயர் சொல்லியே அடக்கலாம்.

திரும்பியபின்

துண்டு வேலைக் கூலியில் வாழ்கிறவருக்கு ஒரு வாரம் ஊரில் இல்லாதது வெறும் விடுப்பு கிடையாது, வருமானமே நின்றுபோவது. ஆலை மூடியிருக்கும் வாரங்களைப் பயணத்துக்குத் தேர்ந்தாலும் சிலருக்குக் கூலி போகும். நன்கொடை கேட்கும்போதே பயணச் செலவோடு அந்தக் கூலியையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்கத் தயங்கினால், அடுத்த வருஷம் வசதியுள்ள பையன்கள் மட்டும் படகில் இருப்பார்கள். நல்ல தாளம் தெரிந்த அக்காக்கள் நின்றுவிடுவார்கள். கணக்கைத் திரும்பிய வாரத்திலேயே எழுதி, எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒட்டிவிடுங்கள்: நுழைவுக் கட்டணம் எவ்வளவு, டிக்கெட் எவ்வளவு, யார் யாருக்குக் கூலி ஈடு கொடுத்தது. எடைத்தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ஓட்டத்தின் நேரத்தையும், அந்த ஓட்டத்தில் யார் எந்த வரிசையில் இருந்தார் என்பதையும் எழுதிவையுங்கள். ஜாக்கெட்டுகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பூட்டித் திறந்து பார்த்து, உடைந்ததைத் தனியாக எடுத்துவையுங்கள். ஆனைக்குட்டத்தில் இன்னும் தண்ணீர் இருந்தால் ஜனவரியில் அவை மறுபடியும் தேவைப்படும்.